குழுவில் உதிரி யாருமில்லை

கோலசிலாங்கூர் மாவட்டம், பெஸ்தாரி ஜெயா வட்டாரத்தில் உள்ள தென்னமரம் தோட்டம் பெயரளவில் தென்னையாக இருந்தாலும் வரலாற்றில் செம்பனைக்குப் பெயர் பெற்றது. நம் நாட்டில் வணிக நோக்கில் செம்பனை முதன்முதலில் நடப்பட்டது அங்கேதான், 1917-ஆம் ஆண்டில். அதைத் தொடங்கிய ஹென்றி ஃபோகோன்னியே என்ற பிரெஞ்சுக்காரர் ஓர் எழுத்தாளர். மலாயாவைக் களமாகக் கொண்டு அவர் எழுதிய நாவல் 1930-இல் பிரான்சின் கொன்கூர் பரிசைப் பெற்றது. அவருக்குத் துணை நின்ற ஏட்ரியன் ஹாலே, சுமத்ராவில் செம்பனையை வளர்த்துப் பார்த்த அனுபவசாலி. கனவு காண்பவர் ஒருவர், பயிரை அறிந்தவர் இன்னொருவர். மண்ணில் இறங்கிப் பாடுபட்டவர்களோ பெயர் பதிவாகாத தொழிலாளர்கள். இவர்களில் ஒரு தரப்பு இல்லாமல் மற்றவரால் அந்தத் தோட்டத்தை உருவாக்கியிருக்க முடியாது.

செம்பனை அறுவடையைப் பற்றி வீட்டில் தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். நீண்ட கம்பில் அரிவாளைக் கட்டிக் குலையை வெட்ட உடல் வலிமை வேண்டும். எந்தக் குலை பழுத்தது என்று சொல்லக் கூர்ந்த கண் வேண்டும். வெட்டிய குலை ஆலைக்குத் தாமதமாகப் போனால் எண்ணெயின் தரம் கெடும் என்பதால் ஏற்றி அனுப்புபவருக்கு நேரக் கணக்கு தெரிய வேண்டும். கடைசியாக, மரத்தடியில் சிதறிக் கிடக்கும் உதிரிப் பழங்களைக் குனிந்து பொறுக்குபவர். பார்வைக்கு அது சின்ன வேலை. ஆனால் நன்கு பழுத்து உதிர்ந்த பழத்தில்தான் எண்ணெய் அதிகம். அதை விட்டுவிட்டால் நட்டம் தோட்டத்துக்கே.

உங்கள் குழுவில் என்ன நடக்கிறது?

யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இலும், பிடி3 தேர்வு 2022-இலும் அகற்றப்பட்ட பிறகு வகுப்பறை மதிப்பீட்டுக்கும் குழு வேலைக்கும் முக்கியத்துவம் கூடியிருக்கிறது. ஆனால் பல குழுக்களில் நன்றாகப் பேசும் ஒருவரே எல்லாவற்றையும் செய்கிறார். அமைதியான மாணவர் தாளை ஒட்டுவதோடு சரி. "அவனுக்கு ஒன்றும் தெரியாது" என்ற பெயரும் ஒட்டிக்கொள்கிறது. தோட்டப்புறத்துச் சிறிய பள்ளிகளில் ஒரு வகுப்பில் பத்துப் பேர்கூட இல்லாத நிலை உண்டு. அங்கே ஒருவரை ஒதுக்கினாலும் குழுவின் பலத்தில் பெரும் பங்கு போய்விடும்.

இங்கிலாந்தைச் சேர்ந்த மெரெடித் பெல்பின் என்ற ஆய்வாளர், நிர்வாகக் கல்லூரி ஒன்றில் பல குழுக்களைப் போட்டியிட வைத்துக் கவனித்தார். மிகுந்த அறிவாளிகளை மட்டும் கொண்ட குழுக்கள் பெரும்பாலும் தோற்றன. ஒருவர் சொன்னதில் மற்றவர் குறை கண்டுபிடிப்பதிலேயே நேரம் கழிந்தது. யோசனை சொல்பவர், ஒருங்கிணைப்பவர், வேலையை முடிப்பவர், பிழை பார்ப்பவர் எனப் பலதரப்பட்டவர்கள் சேர்ந்த குழுக்களே நன்றாகச் செயல்பட்டன. 1981-இல் வெளிவந்த அவருடைய நூல் இதை விளக்குகிறது.

முத்திரை குத்த வேண்டாம்

"நான் பார்த்துக் கற்பவள், எனக்குக் கேட்டால் புரியாது" என்று சிலர் சொல்வதுண்டு. ஒவ்வொருவருக்கும் பிடித்த வழி இருக்கலாம். ஆனால் அந்த வழியில் மட்டும் கற்பித்தால் ஒருவர் கூடுதலாகக் கற்கிறார் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று 2008-இல் அமெரிக்க உளவியலாளர்கள் நால்வர் ஆராய்ந்து கூறினர். ஆகவே, "நான் கூச்ச சுபாவம்" என்பது குழுவில் நமக்கு ஏற்ற வேலையைத் தேட உதவட்டும். வேலையிலிருந்து தப்பிக்கும் சாக்காக வேண்டாம். இந்த முறை வரைந்தவர் அடுத்த முறை பேசிப் பார்க்கட்டும்.

ஒரு முயற்சி

1971-இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் எலியட் அரோன்சன் என்ற உளவியலாளர் ஒரு முறையை வகுத்தார். பாடத்தைப் பல துண்டுகளாக்கி ஆளுக்கு ஒன்று கொடுப்பது; தன் துண்டை அவரவர் மற்றவருக்குக் கற்பிப்பது. ஒருவர் சொல்வதைக் கேட்காவிட்டால் எவருக்கும் முழுப் பாடம் கிடைக்காது.

நம் ஊர் கம்போங் குவாந்தான் மின்மினிகளை வைத்தே இதைச் செய்யலாம்:

• ஒருவர் மின்மினியின் வாழ்க்கைச் சுழற்சியைப் படித்து வரட்டும். அதன் புழுக்கள் நத்தைகளைத் தின்று வளர்கின்றன.
• ஒருவர் மின்மினிகள் கூடும் பெரம்பாங் மரத்தை வரையட்டும்.
• பேசப் பிடித்தவர் படகோட்டிகளிடம் பேட்டி எடுக்கட்டும்.
• ஒருவர் ஆற்று நீர் மாசடைவதைப் பற்றிய செய்திகளைத் திரட்டட்டும்.

பிறகு நால்வரும் ஒருவருக்கொருவர் கற்பியுங்கள். படைக்கும் நாளில் உங்கள் பகுதியை நீங்கள் பேசாமல் பக்கத்தில் இருப்பவர் பேசட்டும். அப்போதுதான் குழு உண்மையிலேயே கற்றதா என்பது தெரியும்.

மாணவர்களே, அடுத்த இடுபணிக்குக் குழு பிரிக்கும்போது யாரும் கூப்பிடாமல் ஓரமாக நிற்கும் நண்பரை முதலில் அழையுங்கள். அவருக்கு என்ன வரும் என்று கேளுங்கள். பதில் வரச் சற்று நேரமானாலும் காத்திருங்கள்.