6 நிமிட வீடியோவில் எந்த 40 விநாடி?

கறவை மாடு ஒன்றை விற்க வேண்டும். செல்போனை எடுத்து 6 நிமிடம் வீடியோ பிடிக்கிறோம். முதல் ஒரு நிமிடம் வீட்டுவாசலிலிருந்து கொட்டகைக்கு நடப்பதிலேயே போய்விடுகிறது. நடுவில் பேரன் குறுக்கே ஓடுகிறான், கேமரா தரையைப் பார்க்கிறது. மடி கண்ணில் படுவது நாலாவது நிமிடத்தில்தான். அதை அப்படியே வாட்ஸ்அப் குழுவில் போட்டால், வாங்க நினைப்பவர் அரை நிமிடம் பார்த்துவிட்டு அடுத்த மாட்டுக்குத் தள்ளிவிடுகிறார். தரகு இல்லாமல் விற்கலாம் என்று நினைத்த மாடு, கடைசியில் தரகர் கைக்கே போகிறது.

வீடியோவில் தேவையான துண்டைத் தேர்ந்தெடுத்து, மிச்சத்தை வெட்டிப் போடத் தெரிந்தால் போதும். இதற்குக் கம்ப்யூட்டர் வேண்டாம், காசும் வேண்டாம். ஆனால், எங்கே வெட்டக் கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள்.

வெட்டுவதற்கு முன் ஒரு துண்டுச் சீட்டு

எடுத்ததும் வெட்ட உட்காராதீர்கள். முழு வீடியோவையும் ஒருமுறை ஓடவிட்டு, சீட்டில் நேரத்தைக் குறியுங்கள். ‘1:10 முதல் 1:22 வரை நடை, 3:40 முதல் 3:55 வரை மடி’ என்கிற அளவுக்குப் போதும். எதைக் குறிப்பது? சந்தைக்குப் போனால் நாம் எதைப் பார்ப்போமோ அதைத்தான். மாடு நாலு எட்டு நடக்கிற நடை, பின்பக்கத்திலிருந்து மடி, நாலு காம்புகள், வாயைத் திறந்து பல், முதுகிலும் நெற்றியிலும் சுழி. ஒவ்வொன்றுக்கும் 5 முதல் 8 விநாடி என்றால் மொத்தம் 40 விநாடிக்குள் அடங்கிவிடும். கொட்டகை, தீவனப் பயிர், பக்கத்துக் கிணறு எல்லாம் நமக்கு அழகுதான். மாடு வாங்குகிறவருக்கு அவை எதற்கு?

கையாளும் முறை

முன்னும் பின்னும் மட்டும் நறுக்க வேண்டும் என்றால், ஆண்ட்ராய்டு போன்களில் இருக்கும் கூகுள் போட்டோஸ் செயலியே போதும். வீடியோவைத் திறந்து ‘எடிட்’ என்பதைத் தொட்டால், கீழே சிறுசிறு படங்களாக ஒரு பட்டை வரும். அதன் இரு முனைகளிலும் பிடி இருக்கும். இடது பிடியைத் தொடங்க வேண்டிய இடத்துக்கும், வலது பிடியை முடிய வேண்டிய இடத்துக்கும் இழுத்து, நகலாகச் சேமித்தால் வேலை முடிந்தது. சில போன்களின் சொந்த கேலரியில் வெறும் ‘சேவ்’ அழுத்தினால் பழைய வீடியோவின் மேலேயே பதிந்துவிடும். ‘சேவ் காப்பி’ இருக்கிறதா என்று பார்த்துத் தொடுங்கள்.

நடுவில் இருப்பதை எடுக்கவும், பல துண்டுகளை ஒட்டவும் இன்ஷாட், வி.என்., கைன்மாஸ்டர் போன்ற செயலிகள் வேண்டும். எல்லாவற்றிலும் முறை ஏறக்குறைய ஒன்றுதான். வீடியோ ஒரு நீளப் பட்டையாக நிற்கும். நடுவே செங்குத்தாக ஒரு கோடு இருக்கும். பட்டையை விரலால் நகர்த்தி, வெட்ட வேண்டிய இடத்தைக் கோட்டுக்கு நேராகக் கொண்டுவந்து, பட்டையை ஒரு தட்டு தட்டித் தேர்ந்தெடுத்து, ‘ஸ்ப்ளிட்’ கொடுத்தால் இரண்டு துண்டாகும். பேரன் ஓடிவந்த இடத்துக்கு முன்னால் ஒரு ஸ்ப்ளிட், பின்னால் ஒரு ஸ்ப்ளிட். நடுத்துண்டைத் தொட்டு ‘டெலிட்’ கொடுத்தால், மற்ற இரண்டும் தானாகச் சேர்ந்துகொள்ளும். தேர்ந்தெடுக்காமல் ‘டெலிட்’ கொடுத்துவிட்டு, வேலை செய்யவில்லை என்று விட்டுவிடுகிறவர்கள் நிறைய. எந்தத் துண்டைச் சுற்றிக் கட்டம் தெரிகிறதோ, அதன் மேல்தான் கட்டளை வேலை செய்யும்.

இரண்டு விரல்களால் பட்டையை விரித்தால் அது நீண்டு, நுணுக்கமாக வெட்ட முடியும். பொதுவாகச் செல்போன் ஒரு விநாடிக்கு 30 படங்கள் வீதம் பதிவுசெய்கிறது. விரிக்காமல் வெட்டினால் ஒரு சொல்லின் பாதியிலேயே வெட்டு விழுந்துவிடும். இரண்டு சொற்களுக்கு நடுவே மூச்சு விடும் இடம்தான் வெட்டச் சரியான இடம். கடைசியில் ‘எக்ஸ்போர்ட்’ கொடுத்தால்தான் புதிய வீடியோ உருவாகும். அதுவரை செயலி வெட்டிய இடங்களைக் குறித்து வைத்திருக்கிறதே தவிர, மூல வீடியோவைத் தொடுவதில்லை. அதனால் வேலை முடியும்முன் கேலரியில் இடம் வேண்டுமென்று மூலத்தை அழித்துவிட்டால், செயலிக்குள் அந்தத் துண்டும் காணாமல் போகும்.

பூச்சியைக் காட்டுங்கள், வயலை அல்ல

கேள்வி-பதில் பகுதிக்கும் வேளாண் அலுவலருக்கும் வீடியோ அனுப்புகிறவர்கள் கவனிக்க வேண்டியது இது. ‘நெல் வட்ட வட்டமாகக் காய்கிறது’ என்று வரப்பிலிருந்து வயலை இரண்டு நிமிடம் சுற்றிக் காட்டினால் பதில் சொல்வது கடினம். புகையான் பூச்சி தூரில், தண்ணீர் மட்டத்துக்கு மேலே கூட்டமாக ஒட்டியிருக்கும். பயிரை விலக்கித் தூரைக் காட்டும் 8 விநாடிதான் உங்கள் வீடியோவின் உயிர். அதை முதலில் வையுங்கள். வயல் முழுக்கத் தெரியும் காட்சி அதற்குப் பின்னால் 5 விநாடி வந்தால் போதும், எவ்வளவு பரவியிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

மக்காச்சோளத்தில் படைப்புழுவும் இப்படித்தான். குருத்துக்குள் மரத்தூள் போலக் கிடக்கும் எச்சம், புழுவின் தலையில் தலைகீழான ஒய் வடிவக் கோடு, வால் பக்கம் சதுரமாக நாலு புள்ளி. இந்த மூன்றும் தெளிவாகத் தெரிகிற துண்டு இருந்தால், பார்க்கிறவர் வேறு புழுவோடு குழப்பிக்கொள்ள மாட்டார். கேமரா ஃபோகஸ் ஆகாமல் மங்கலாக இருந்த விநாடிகளைத் தயங்காமல் வெட்டுங்கள். தெளிவான துண்டே இல்லையென்றால் எந்தச் செயலியாலும் வெட்டி வரவழைக்க முடியாது. மறுபடி வயலுக்குத்தான் போக வேண்டும்.

கத்தி படக் கூடாத இடங்கள்

‘ஒரு வேளைக்கு 8 லிட்டர்’ என்று சொல்லி மாடு விற்கிறீர்களா? அந்தக் கறவை வீடியோவில் மட்டும் வெட்டே இருக்கக் கூடாது. காலிப் பாத்திரத்தைக் கவிழ்த்துக் காட்டுவது, கறப்பது, நுரை அடங்கிய பின் அளப்பது என்று ஒரே ஓட்டமாக இருக்க வேண்டும். 10 நிமிடம் ஆனாலும் பரவாயில்லை, நம்பி வாங்குகிறவர் அதைப் பார்ப்பார். நடுவில் ஒரு வெட்டு இருந்தாலே, ‘அங்கே தண்ணீர் ஊற்றினார்களா, வேறு பாத்திரம் மாற்றினார்களா’ என்ற சந்தேகம் வரும். முந்தின வேளை கறக்காமல் விட்டு மடியைப் பெருக்கிக் காட்டும் வழக்கமும் உண்டு என்பதால், விவரம் தெரிந்தவர்கள் காலை, மாலை இரண்டு வேளையும் கேட்பார்கள். 40 விநாடி வீடியோவைக் குழுவில் போடுங்கள். கேட்டு வருகிறவருக்கு மட்டும் முழுக் கறவை வீடியோவை அனுப்புங்கள்.

இன்னொன்று பயிர்ச் சேதம். பயிர்க் காப்பீட்டில் ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு போன்ற உள்ளூர்ப் பேரிடர் என்றால் 72 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும். இழப்பீட்டை முடிவு செய்வது கள ஆய்வுதான், வீடியோ அல்ல. இருந்தாலும் ஆய்வுக்கு ஆள் வருவதற்குள் வயலின் நிலை மாறிவிடலாம். சேதத்தைக் காட்டி வாதாட அந்த வீடியோ கையில் இருப்பது நல்லது. எடுத்த தேதியும் நேரமும் மூலக் கோப்புக்குள்ளேயே பதிவாகியிருக்கும். கேமராவில் லொகேஷன் போட்டிருந்தால் இடமும் பதிவாகும். வெட்டி எக்ஸ்போர்ட் செய்த நகலில் இந்த விவரம் மாறிவிடலாம், இல்லாமலும் போகலாம். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினாலும் அது சுருங்கி, வேறு கோப்பாகத்தான் போய்ச் சேரும். அதனால் சேத வீடியோவை எடுக்கும்போதே சர்வே எண் கல், பக்கத்து மோட்டார் கொட்டகை, அப்புறம் பயிர் என்று இடம் புரியும்படி நிறுத்தாமல் எடுங்கள். பிறகு அதில் கை வைக்காதீர்கள். பத்திரிகைக்கோ குழுவுக்கோ சிறு துண்டு வேண்டுமென்றால் நகல் எடுத்து அதை வெட்டுங்கள்.

மூலத்தை அப்படியே அனுப்பச் சொன்னால், வாட்ஸ்அப்பில் கேலரி வழியாகப் போகாமல் ‘டாக்குமென்ட்’ என்பதைத் தேர்ந்தெடுத்து அனுப்புங்கள். தரம் குறையாமல் போகும். போனைப் பொறுத்து ஒரு நிமிட வீடியோவே 100 எம்.பி.யைத் தாண்டலாம் என்பதால், சிக்னல் நன்றாகக் கிடைக்கும் இடத்தில் நின்று அனுப்புவது நல்லது. போனில் இடம் போதவில்லை என்றால் மெமரி கார்டுக்கோ பிள்ளைகளின் கம்ப்யூட்டருக்கோ மாற்றி வையுங்கள். மாடு விற்ற வீடியோவை மறுநாளே அழித்துவிடலாம். சேத வீடியோ, காப்பீட்டுத் தொகை கணக்கில் ஏறும் வரை இருக்கட்டும்.