ரி.வி. கேமின் காலப்பிரமாணம்

சென்ற ஆண்டு விடுமுறைக்காகக் கனடாவினின்றும் அன்புவழிபுரத்துக்கு வந்திருந்த என் தமையனார், ஒரு மாலைப்பொழுதில் என் மடிக்கணினியிலே 'சுப்பர் மாரியோ' விளையாட்டைக் கண்டு, சிறுபராயத்து ஆவலோடு அதன் எதிரே அமர்ந்தார். இளமையில் அவ்விளையாட்டில் அவரை வெல்வார் எங்கள் ஒழுங்கையில் ஒருவரும் இருந்ததில்லை. அன்றோ, முதற் கட்டத்தின் முதற் பள்ளத்திலேயே மூன்று முறை வீழ்ந்தார். "கை மறந்துபோச்சுது தம்பி, வயசும் போயிட்டுது" என்று சொல்லிக் கைக்கருவியை வைத்துவிட்டு எழுந்தார். அவர் கூற்றை அன்று யானும் ஐயுறவில்லை. பின்னர் நுணுகி நோக்கியபோது, கை எதனையும் மறக்கவில்லை என்பதும், விளையாட்டின் காலப்பிரமாணமே வேறாகிவிட்டது என்பதும் புலனாயின. அது மாறியவாற்றையும், அதனை மீட்கும் வழியையும் ஈண்டு ஆராய்வாம்.

ரி.வி. கேம் என்று எம்மவர் பொதுப்பட வழங்கிய பெட்டியின் மூலம் யப்பானியருடையது. நின்ரெண்டோ நிறுவனத்தார் 1983 ஆம் ஆண்டு யூலை 15 ஆம் நாள், 14,800 யென் விலையில், 'பமிக்கொம்' என்னும் பெட்டியை வெளியிட்டனர். அதுவே புறத்தோற்றம் மாறி 1985 இல் அமெரிக்காவில் 'என்.ஈ.எஸ்.' என்னும் பெயருடன் விற்பனைக்கு வந்தது. அதன் உள்ளுறுப்புகள் இன்றைய நோக்கில் மிக எளியன. வினாடிக்கு ஏறத்தாழ 17.9 இலட்சம் முறை துடிக்கும் செயலி ஒன்று, அதற்கு 2 கிலோபைற்று நினைவகம், 256 க்கு 240 புள்ளிகள் கொண்ட படத்தை வரையும் தனிச் சில்லு ஒன்று, ஏறக்குறைய இவ்வளவே. 1985 இல் வெளிவந்த சுப்பர் மாரியோ, படமும் இசையும் உட்பட, 40 கிலோபைற்றுக்குள் அடங்கியது. இக்காலத்துக் கைப்பேசியில் எடுக்கும் நிழற்படம் ஒன்று அதனைப் போல் ஐம்பது மடங்குக்கு மேல் இடங்கொள்ளும்.

நிற்க. எமது வீடுகளுக்கு வந்து சேர்ந்தது அப்பெட்டியன்று. நின்ரெண்டோ தன் பெயரிட்டு விற்ற பெட்டியொன்றை எங்கள் ஊரில் யான் கண்டதில்லை. யாம் அறிந்தது அதன் படியே. தாய்வானின் யூ.எம்.சி. போன்ற நிறுவனங்கள் மூலச் சில்லுகளுக்கு நிகரான சில்லுகளை வார்த்தன. அவற்றைக் கொண்டு எண்ணற்ற தொழிலகங்கள் பெட்டிகளைச் செய்தன. ருஷ்யாவில் 1992 இல் அது 'டென்டி' என்னும் பெயர் பூண்டது. போலந்தில் 'பெகாசஸ்' ஆயிற்று. எங்கள் பெட்டியிலும் ஏதோவொரு பெயர் இருந்தது. ஒட்டுத்தாள் இரண்டு மாதத்தில் உரிந்துவிட்டமையின் அது நினைவில் இல்லை. பெயர் எதுவாயினும், இச்சில்லுகளைச் செய்தோர் வெறும் படியெடுப்போராய் மாத்திரம் இருந்தாரல்லர். அவர்கள் தீர்த்த சிக்கல் ஒன்று உண்டு. என் தமையனாரின் வீழ்ச்சிக்குக் காரணமும் அதனுள்ளேயே இருக்கின்றது.

யப்பானிலும் அமெரிக்காவிலும் தொலைக்காட்சி வினாடிக்கு 60 முறை படம் வரையும். இலங்கையில் 1979 இல் சுயாதீனத் தொலைக்காட்சியும் 1982 இல் ரூபவாகினியும் தொடங்கின. இங்கு நிலைபெற்றதோ வினாடிக்கு 50 முறை படம் வரையும் 'பி.ஏ.எல்.' முறை. எமது மின்சாரமும் 50 துடிப்பினது. பமிக்கொம் விளையாட்டுகளுக்குக் கடிகாரம் என்று தனியே ஒன்றில்லை; படத்தின் துடிப்பே அவற்றுக்குக் கடிகாரம். ஒவ்வொரு படத்துக்கும் பாத்திரம் ஓர் அடி நகரும். இசை ஒரு கூறு முன்செல்லும். ஆகவே 50 படத் தொலைக்காட்சியில் அவை ஆறில் ஐந்து பங்கு வேகத்திலேயே நடக்கும்.

நின்ரெண்டோ ஐரோப்பாவுக்கெனச் செய்த பெட்டியில் செயலியின் வேகமும் 16.6 இலட்சமாகக் குறைக்கப்பட்டது. அதனால், திருத்தம் பெறாத விளையாட்டுகளின் இசை ஒரு சுரத்தானத்துக்கும் சற்று மேலாகத் தாழ்ந்து ஒலிக்கும். நுண்ணிய நேரக் கணக்கை நம்பி எழுதப்பட்ட நிரல்கள் அதில் தடுமாறவுஞ் செய்தன. தாய்வான் சில்லோ வேறு வழியிற் சென்றது. செயலி ஒரு முறை துடிக்குங் காலத்தில் படச்சில்லு மூன்று புள்ளி வரையும் என்பது மூலப் பெட்டியின் விதி. அவ்விதியை அது காத்தது. 60 படப் பெட்டியில் ஒரு படத்துக்கு 262 கோடுகள். 50 படத் தொலைக்காட்சிக்கு 312 கோடுகள் வேண்டும். மிகுந்த 50 கோடுகளையும் படத்தின் அடியில் வாளா இருக்கும் கோடுகளாக வைத்து, அதன் பின்னரே 'படம் முடிந்தது' என்னும் செய்தியைச் செயலிக்கு அனுப்பினர். செயலியின் வேகம் 17.7 இலட்சமாக, மூலத்தை ஒட்டியே நின்றது. இதனால் இசையின் சுருதி ஒரு சுரத்தானத்தின் ஆறிலொரு பங்களவே தாழ்ந்தது. அதனைச் செவி உணராது. தாளமோ விளம்பித்தது. சங்கீதம் பயின்றோர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை: சுருதி அதுவே, காலப்பிரமாணம் வேறு. எம் பருவத்துப் பிள்ளைகள் செவிவழி அறிந்த மாரியோ இசை அவ்விளம்பித்த இசையே.

தம்மிடமுள்ள பழைய பெட்டி எவ்வகையினது என்று அறிய விரும்புவார்க்கு எளியதொரு சோதனை உண்டு. சுப்பர் மாரியோவின் முதற் கட்டத்தில் மேல்மூலையில் 400 என்ற எண் தோன்றிக் குறைந்துகொண்டே வரும். ஓர் எண் குறைவதற்கு 24 படங்கள் செல்லும். மாரியோவை அசையாது நிறுத்திவிட்டு, 400 சுழியாகும்வரை எவ்வளவு நேரம் செல்கின்றது என்று கடிகாரத்தில் நோக்குக. 60 படப் பெட்டியாயின் ஏறத்தாழ 160 வினாடி. 50 படப் பெட்டியாயின் 192 வினாடி. (எதிரே வரும் பகைப்பாத்திரத்தை மட்டும் முதலிற் கொன்றுவிடல் வேண்டும்; முதன்முறை யான் இதனை மறந்தேன்.) எங்கள் வீட்டுப் பெட்டி 192 வினாடி காட்டிற்று. மடிக்கணினி 160 வினாடி காட்டிற்று. தமையனாரின் கை 192 வினாடி உலகத்தில் பழகிய கை.

இனி, எமியுலேற்றர் என்பதன் இயல்பைக் கூறுதல் வேண்டும். ஓர் இயந்திரத்தின் ஒழுகலாற்றை மற்றோர் இயந்திரத்தில் நடித்துக் காட்டும் நிரலே எமியுலேற்றர். பழைய செயலியின் கட்டளைகளை ஒவ்வொன்றாக எடுத்து, அது செய்திருக்கக் கூடியதைச் செய்து, அதற்குச் சென்றிருக்கும் துடிப்புகளை எண்ணி, அவ்வெண்ணிக்கைக்கு ஒப்பப் படச்சில்லையும் ஒலிப்பகுதியையும் உடன் நடத்தும். மராத் பைசுலின் என்பார் 1996 இல் வெளியிட்ட 'ஐநெஸ்' என்னும் நிரல் இத்துறையில் முன்னோடிகளுள் ஒன்று. அவர் வகுத்த கோப்பு அமைப்பே இன்றும் வழங்குகின்றது: விளையாட்டின் தரவுக்கு முன்னே 16 பைற்றுத் தலைப்பு ஒன்று, ஏட்டின் முதலோலை போல நிற்கும். எப்பெட்டிக்கு உரியது என்பதைத் தெளிவாய்க் குறிக்கும் வழக்கம் அத்தலைப்பில் இருக்கவில்லை. குறிப்பில்லாத கோப்பை எமியுலேற்றர் பெரும்பாலும் 60 படத்ததாகவே கொள்ளும். பின்னர் வகுக்கப்பட்ட 'நெஸ் 2.0' என்னும் தலைப்பில், பதின்மூன்றாம் பைற்று இதற்கென ஒதுக்கப்பட்டது. அங்கு 0 என்பது யப்பான், அமெரிக்கப் பெட்டி. 1 என்பது ஐரோப்பியப் பெட்டி. 3 என்பது தாய்வான் சில்லுப் பெட்டி. அதற்கு ருஷ்யப் பெயரான 'டென்டி' என்பதே வழங்குகின்றது. எங்கள் ஒழுங்கையிற் கேட்டறியாத பெயர். ஆயினும் எங்களுக்கு உரிய எண் அதுவே. எவ்.சி.ஈ.யூ.எக்ஸ்., மெசென் ஆகிய எமியுலேற்றர்களில் இதனை ஒரு தெரிவாகவும் அமைத்துக்கொள்ளலாம்.

அத்தெரிவை அமைத்துவிட்டு, காரணம் எதுவுஞ் சொல்லாமல், மறுநாள் மாலை தமையனாரை மீண்டும் அமரச் செய்தேன். இரண்டாம் முயற்சியிற் பள்ளத்தைத் தாண்டினார். கட்டத்தின் ஈற்றிலுள்ள கொடிக்கம்பத்தை அடைந்தபோது, "இதுதான் எங்கட மாரியோ" என்றார்.

எனினும் அவருடைய ஆட்டம் முற்றிலும் பழைய நிலையை எய்தவில்லை. அதற்குக் காரணம் கைக்கும் கண்ணுக்கும் இடையே நுழைந்துவிட்ட தாமதமாகும். பழைய கைக்கருவியின் அமைப்பு வியக்கத்தக்க எளிமையுடையது. எட்டுப் பொத்தான், அவற்றின் நிலையை ஒருங்கே பற்றிக்கொண்டு, பின் ஒவ்வொன்றாக வரிசையில் வெளிவிடும் சிறு சில்லு ஒன்று. பெட்டி ஒரு படத்துக்கு ஒரு தரம் 'பற்றிக்கொள்' என்று கட்டளையிட்டு, எட்டுத் துடிப்பில் எட்டு விடையையும் பெறும். தாய்வான் பெட்டிகளின் கைக்கருவி ஒன்பது முள் கொண்ட செருகியில் முடியும். பழைய கைக்கருவியைக் கணினியோடு சேர்க்கும் அடப்ரரினுள்ளே இருப்பது, அவ்வெட்டு விடையையும் பெட்டியைப் போலவே கேட்டுப் பெற்று யூ.எஸ்.பி. வழியாக அனுப்பும் ஒரு நுண்செயலியே. ஆடுயினோப் பலகை ஒன்று கையிலிருப்பின் மாணவர் ஒரு மாலையில் இதனைச் செய்து முடிக்கலாம். விலை கொடுத்து வாங்கவேண்டுவதில்லை. யூ.எஸ்.பி. வழியில் நேரும் தாமதம் சில ஆயிரத்திலொரு வினாடிகளே. பெருந் தாமதம் நேர்வது திரையிலாகும். பழைய குழாய்த் தொலைக்காட்சி, வந்த சைகையை வந்தவுடன் ஒளியாக்கும். இன்றைய தட்டைத் திரைகளோ படத்தை வாங்கி வைத்து, பெருப்பித்து, மெருகூட்டிய பின்னரே காட்டுகின்றன. இதில் இரண்டு மூன்று படங்களுக்குரிய காலம் சென்றுவிடுதலும் உண்டு. பழைய பெட்டியையே புதிய திரையில் இணைக்க விரும்புவோர் கடையில் மலிவாகக் கிடைக்கும் மாற்றியைக் கொள்ளாமல், 'ரெற்றோரிங்க்' போன்ற, கோட்டுக்குக் கோடு இரட்டித்து அனுப்பும் கருவியைக் கொள்வது நன்று. விலைதான் பெட்டியின் விலையைப் போற் பன்மடங்கு. திரையின் அமைப்பில் 'கேம்' என்னும் நிலையைத் தெரிதல் எல்லோருக்கும் இயல்வது.

எவ்வாற்றானும் மீளாதது துப்பாக்கி. 1984 இல் வெளிவந்த 'டக் ஹண்ட்' விளையாட்டில், விசையை அழுத்தியவுடன் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து நிற்கும் இடம் மட்டும் வெள்ளைக் கட்டமாகும். துப்பாக்கி முனையிலுள்ள ஒளியுணரி அவ்வெண்மையை அக்கணத்திலேயே கண்டால் வாத்து வீழும். துப்பாக்கியிலிருந்து எதுவும் வெளிச்செல்வதில்லை. திரைதான் துப்பாக்கிக்குள்ளே சுடுகின்றது. தட்டைத் திரையில் அவ்வெண்மை தோன்றுதற்கு முன்னரே நிரல் பார்ப்பதை நிறுத்திவிடும். குழாய்த் தொலைக்காட்சியை வீதியில் எறிந்துவிட்டவர் வாத்தையும் உடன் இழந்தவராவர்.

கசெற்றுகளைப் பற்றியும் சிறிது கூறல் வேண்டும். உப்புவெளி என்று அயலூருக்கே பெயர் வழங்கும் எமக்குக் கடற்காற்றின் இயல்பு தெரியாததன்று. கசெற்றின் அடியிலுள்ள 60 உலோகப் பற்களும் அதனாற் கறுத்துப்போகின்றன. வாயால் ஊதிச் செருகுதல் எமது பழைய வைத்தியம். அது ஈரத்தைச் சேர்த்து நோயை வளர்த்ததேயன்றி வேறு பயன் தரவில்லை. ஊதியபின் இயங்கியமைக்குக் காரணம், கழற்றி மீளச் செருகியமையே. செறிந்த ஐசோபுரொப்பைல் மதுசாரத்தைப் பஞ்சிற் தொட்டுத் துடைத்தலே தக்கது. உள்ளே பலகையில் சில்லுக்குப் பதிலாகக் கறுப்புப் பிசின் துளி ஒன்று இருக்கும். அது பழுதாயின் மாற்ற இயலாது. '9999999 இன் 1' என்று எழுதிய எங்கள் மஞ்சட் கசெற்றில் உண்மையில் இருந்தவை சில பத்தே. ஏனையவை அவற்றையே நடுக்கட்டத்திலிருந்து தொடங்குவன. அன்றியும், நம்கோ நிறுவனத்தாரின் 'பற்றில் சிற்றி' (1985) எமக்குக் கிடைத்தது, பிறர் திருத்திய 'ராங்க் 1990' என்னும் பாடபேதமாகவே. மூலங்கள் உலகெங்கும் பேணப்படுகின்றன. இப்பாடபேதங்களும், இவற்றைத் தொகுத்த பட்டியல்களுமே அழியும் நிலையில் உள்ளவை. ஒவ்வொரு தொகுப்புக் கசெற்றும் தன் உட்பிரிவுகளை மாற்றியமைக்கும் முறையும் தனித்தனி; அம்முறை குறிக்கப்படாவிடின், எடுத்த படியும் எமியுலேற்றரில் இயங்காது.

அவை களவுப் பிரதிகள் அல்லவோ எனின், ஆம், களவுப் பிரதிகளே. இலங்கையின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களையும் காக்கின்றது. விளையாட்டின் உரிமை இன்றும் அதனை ஆக்கியோருடையது. எமியுலேற்றர் செய்தல் வேறு, பிறர் விளையாட்டைப் பரப்புதல் வேறு. 2000 ஆம் ஆண்டில் சொனி நிறுவனத்துக்கும் கொனெக்ரிக்ஸ் நிறுவனத்துக்கும் நிகழ்ந்த வழக்கில், எமியுலேற்றர் செய்வதற்காகப் பெட்டியின் நிரலை ஆராய்ந்தமை நியாயமான பயன்பாடே என்று அமெரிக்க மேன்முறையீட்டு மன்றம் தீர்த்தது. மறுபுறம், 2010 க்கு முன் அமெரிக்காவில் வெளிவந்த விளையாட்டுகளுள் 87 வீதம் இன்று விலைக்குக் கிடைப்பதில்லை என 2023 இல் வெளிவந்த ஆய்வொன்று கண்டது. விலைக்குக் கிடைப்பதை விலைகொடுத்தே பெறுதல் வேண்டும் என்பது என் துணிபு. கையிலுள்ள கசெற்றை ஆய்வுக்காகப் படித்து வைத்தலும், அதனை ஊரெங்கும் வழங்காதிருத்தலும் ஒருங்கே இயலும்.

எங்கள் வீட்டில் எஞ்சிய கசெற்றுகள் ஏழு. அவற்றுள் ஐந்தினை, ஆடுயினோவினால் இயங்கும் படிப்பான் கொண்டு படித்து, பதின்மூன்றாம் பைற்றில் 3 என்று இட்டு வைத்துள்ளேன். ஆறாவதன் பற்கள் அரித்துவிட்டன. மஞ்சட் கசெற்றுப் பெட்டியில் இன்றும் இயங்குகின்றது. அதன் உட்பிரிவு முறை இன்னும் பிடிபடவில்லை. அதனையொத்த மஞ்சட் கசெற்று வேறெவர் வீட்டுப் பரணிலேனும் இருக்குமாயின், இரண்டனையும் ஒப்புநோக்குதற்குக் கல்லூரி ஆய்வுகூடத்துக்குக் கொணருமாறு பழைய மாணவரை வேண்டுகின்றேன். ஒருநாளிற் படித்துத் துடைத்துத் திருப்பித் தரலாம்.