பெயிண்ட் டப்பாவைத் திறக்கும் முன்

எலெக்ட்ரிக் கிட்டார் கிட் கைக்கு வந்ததும் முதலில் தோன்றுவது, என்ன கலர் அடிக்கலாம் என்பதுதான். அதைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்க. கலர் பிடிக்கலைன்னா தேய்த்துவிட்டு மறுபடி அடிக்கலாம். பிரிட்ஜ் தப்பான இடத்தில் உட்கார்ந்துட்டா எத்தனை முறுக்கினாலும் சுருதி சேராது.

கணக்கு எளிதுதான். நட்டிலிருந்து 12ஆவது ஃப்ரெட் வரை உள்ள தூரம், கம்பி நீளத்தில் சரிபாதி. ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டர் மாதிரியில் முழு நீளம் 25.5 அங்குலம், சுமார் 648 மி.மீ.; பாதி 324. நெக்கை பாடியில் பொருத்தி, பிரிட்ஜின் சாடில்கள் 648-க்கு வருதான்னு அளந்து பாருங்க. துளை போட்டே வந்திருந்தாலும் அளக்கணும். சாடில் பின்னால் நகர இன்னும் சில மில்லிமீட்டர் இடமும் வேணும். ஃப்ரெட்டில் அழுத்தும்போது கம்பி இழுபட்டு சுருதி ஏறும். தடித்த கம்பியில் இது அதிகம். நீளத்தைக் கொஞ்சம் கூட்டித்தான் அதை ஈடுகட்டுகிறோம்.

அளவு சரியாக இருந்தால் எல்லாவற்றையும் கழற்றி, மரத்தின் இழை போகும் திசையிலேயே உப்புத்தாள் போட்டுத் தேயுங்க. நெக் உட்காரும் குழியில் டேப் ஒட்டிடுங்க. அங்கே பெயிண்ட் ஏறினால் நெக் படியாது. கனமாக ஒரே தடவை அடிக்காமல் மெல்லிசாகப் பல தடவை அடிங்க. மோந்து பார்த்தால் பெயிண்ட் வாசனை வருதா? இன்னும் காயலைன்னு அர்த்தம்.