பழைய கோவாவின் மூன்று மடங்கள்

கோவா என்றதும் நம் தில்லித் தமிழன்பர்களுக்குக் கடற்கரையும் முந்திரிப் பருப்பும்தான் நினைவுக்கு வரும். பனாஜியிலிருந்து சுமார் 10 கி.மீ. தூரத்தில், மாண்டோவி ஆற்றங்கரையில் உள்ள பழைய கோவாவுக்கும் ஒரு முழு நாள் ஒதுக்க வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து. ரயில்வேயில் கட்டடப் பராமரிப்பு வேலையிலேயே காலத்தைக் கழித்தவன் நான். கோயிலுக்குப் போனாலும் என் கண் முதலில் கூரையையும் சுவரையும்தான் பார்க்கும். அந்தக் கண்ணோடு பார்த்ததை இங்கே எழுதுகிறேன்.

போர்த்துகீசியர் 1510-இல் கோவாவைக் கைப்பற்றினார்கள். அவர்களைத் தொடர்ந்து பல துறவற சபையினர் வந்து மடங்கள் கட்டினார்கள். 1835 வாக்கில் போர்த்துகீசிய அரசே இச்சபைகளைக் கலைத்துவிட்டது. துறவிகள் வெளியேற, மடங்கள் காலியாயின. சட்டம் ஒன்று, மழை ஒன்று, கட்டிய கல்லும் ஒன்று. ஆனால் மூன்று மடங்களுக்கு மூன்று விதமான கதி ஏற்பட்டது.

முதலாவது, குன்றின் மேல் இருந்த அகஸ்தீனியர் மடம். 1602-இல் கட்டி முடித்த அதன் கோபுரம் 46 மீட்டர் உயரம். மடம் காலியான பிறகு கவனிப்பார் இல்லை. 1842-இல் கோயிலின் வளைவுக் கூரை இடிந்து விழுந்தது. 1931-இல் முகப்பின் ஒரு பகுதியும் சரிந்தது. இன்று பாதிக் கோபுரம் மட்டும் மொட்டையாக நிற்கிறது.

இரண்டாவது, பிரான்சிஸ்கன் துறவியர் மடம். 1517-இல் வந்த எட்டுத் துறவிகள் தொடங்கிய இடம் இது. முதலில் கட்டிய கோயிலை இடித்து 1661-இல் இப்போதைய கோயிலைக் கட்டியபோது, பழைய நுழைவாயிலைக் கருங்கல் வேலைப்பாட்டோடு அப்படியே வைத்துக்கொண்டார்கள். சிக்கனமும் ரசனையும் சேர்ந்த காரியம்! 1961-இல் கோவா விடுதலை பெற்றது. 1964-இல் இந்தியத் தொல்லியல் துறை இம்மடத்தில் அருங்காட்சியகம் அமைத்தது. உள்ளே நுழைந்ததும், கோவாவைப் பிடித்த அல்புகர்க்கின் வெண்கலச் சிலை நம்மை வரவேற்கிறது. போர்த்துகீசிய ஆளுநர்களின் ஓவியங்கள் சுமார் அறுபது வரிசையாக உள்ளன. அதே கூரையின் கீழ் கடம்பர் காலச் சிற்பங்கள், வீரக்கற்கள், சதிக்கற்கள் ஆகியனவும் இருக்கின்றன. நம் ஊர் நடுகற்களைப் பார்த்தவர்களுக்கு இவை அந்நியமாகத் தோன்றா.

மூன்றாவது, சாந்தா மோனிக்கா கன்னியர் மடம். 1606-இல் தொடங்கி 1627-இல் முடித்த மூன்று அடுக்குக் கட்டடம். 1636-இல் தீக்கிரையாகி மறுபடி கட்டப்பட்டது. சுவர் சாயாமல் வெளியே முட்டுக்கொடுத்திருக்கும் பருமனான தாங்குசுவர்களைத் தவறாமல் பாருங்கள். இங்கே புதிதாக யாரையும் சேர்க்கக் கூடாது என்றார்களே தவிர, இருந்தவர்களை வெளியேற்றவில்லை. கடைசிக் கன்னிகாஸ்திரீ 1885-இல் காலமானார். 1964 முதல் அருட்சகோதரிகளின் கல்வி நிலையம் இங்கே நடக்கிறது. ராஷோலில் 1994-இல் தொடங்கிய கிறிஸ்தவக் கலை அருங்காட்சியகம் 2002-இல் இம்மடத்தின் கோயிலுக்கு இடம் மாறி, புதுப்பிக்கப்பட்டு 2022-இல் மீண்டும் திறக்கப்பட்டது. தந்தச் சிற்பங்களும் வெள்ளிப் பாத்திரங்களும் பெரும்பாலும் நம் நாட்டுக் கைவினைஞர்கள் செய்தவை. சொற்பொழிவுகளும் இசை நிகழ்ச்சிகளும் இங்கே நடப்பதுண்டு.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் கல்லிலேயே இருக்கிறது. இங்குள்ள கட்டடங்கள் பெரும்பாலும் செம்புரைக்கல்லால் ஆனவை. மலையாளிகள் இதை வெட்டுக்கல் என்பார்கள். வெட்டும்போது மிருதுவாக இருந்து, காற்றுப் பட்டதும் இறுகும். ஆனால் உடம்பெல்லாம் துளை, நீரை உறிஞ்சும். கோவாவில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை. ஆகவே சுண்ணாம்புப் பூச்சுதான் அதற்குக் குடை. புனித சவேரியாரின் உடல் இருக்கும் பாம் ஜேசு கோயிலில், பழமை தெரியட்டும் என்று 1950-களில் வெளிப்பூச்சை உரித்துவிட்டார்கள். அன்று முதல் கல் அரிக்கப்பட்டு வருகிறது. மறுபடி பூச வேண்டுமா என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை.

ஆள் புழங்கும் கட்டடத்தில் ஓடு உடைந்தால் அன்றே தெரியும். மழை உள்ளே ஒழுகினால் யாராவது குரல் கொடுப்பார்கள். பூட்டிய கட்டடத்தில் சுவர் விழும்போதுதான் செய்தி வெளியே வரும். பலகை வைப்பதால் மட்டும் கட்டடம் பிழைக்காது.

இதை நான் எழுதக் காரணம் நம் கோல் மார்க்கெட்தான். 1921-இல் கட்டிய அந்தப் பன்னிரண்டு பக்கக் கட்டடத்தைச் சுற்றி ஒரு காலத்தில் எத்தனை தமிழ்க் குடும்பங்கள் காய்கறிப் பையோடு நடந்தன! கடைகள் காலியாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. அருங்காட்சியகமாக்கும் திட்டம் நல்லதே. ஆனால் ஜனங்கள் தினமும் வந்து போகும் இடமாகவும் அது அமைய வேண்டும். கூட்டம் நடத்த ஒரு கூடம், உட்கார நாலு பெஞ்சு, ஒரு காபிக் கடை இருந்தால் போதும். பேட்டைவாசிகளான நாம் இதைச் சம்பந்தப்பட்டவர்களிடம் எழுதிக் கேட்கலாம். நம் சங்கமும் அங்கே நிகழ்ச்சி நடத்த முன்வரலாம்.

கோவா செல்லும் அன்பர்களுக்கு ஒரு தகவல்: கொங்கண் ரயில் பாதையில் கர்மாலி நிலையம் பழைய கோவாவுக்கு மிக அருகில் உள்ளது. தொல்லியல் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. மழைக்காலத்தில் போனால், நான் சொன்ன சுவர்களின் கஷ்டம் கண்கூடாகத் தெரியும். குடையை மறக்க வேண்டாம்.