வைட்டமின் டி போட்டால் சுகர் குறையுமா?

"சுகர் மாத்திரை வேண்டாம், வைட்டமின் டி போதும்" என்று வாட்ஸ்அப்பில் வந்தால் நம்பாதீங்க. தொப்பைக் கொழுப்பு சும்மா கிடப்பதில்லை, ஹார்மோன்களைச் சுரக்கிறது. அதில் அடிபோனெக்டின் நல்லது, இன்சுலின் வேலை செய்ய உதவும். உடல் பருமன் கூடினால் இது குறையும். வைட்டமின் டி-யும் கொழுப்புக்குள் போய்த் தங்கிவிடுவதால் ரத்தத்தில் குறைவாகவே இருக்கும். இரண்டு குறைவும் ஒரே ஆளிடம் தெரிவது இதனால்தான்.

அதற்காக மாத்திரை போட்டால் சரியாகிடுமா? 2019-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 2,423 பேரில் ஒரு பகுதியினருக்குத் தினமும் 4,000 யூனிட் கொடுத்தார்கள். நோய் வருவது குறிப்பிடும்படி குறையவில்லை.

குறைபாடு இருந்தால் டாக்டர் சொன்ன அளவு மட்டும் எடுங்க. வாரம் ஒருமுறைக்கான 60,000 யூனிட்டைத் தினமும் விழுங்கினால் கால்சியம் ஏறி சிறுநீரகம் கெடும். சந்தேகமா? 104-க்கு போன் செய்யுங்க.