லீவு சீட்டில் எழுதிய காய்ச்சல்

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் பதினான்கு வருஷமாக லைன் சூப்பர்வைசர் நான். மணிக்கு எத்தனை பீஸ், அதில் பிரித்துத் தைக்கத் திரும்பும் ஆல்டர் எத்தனை என்று போர்டில் எழுதுவது என் வேலை.

ஓவர்லாக்கில் கை சுத்தமான பெண் ஒருத்தி. போன ஆடியில் அவள் தைத்த பீஸெல்லாம் ஆல்டருக்கே திரும்பி வந்தன. ஷிப்மெண்ட் நேரம், மூன்று மாதமாக எல்லோருக்கும் ஒன்றரை ஷிப்ட். "கவனத்தை எங்க வெச்சுட்டுத் தைக்கறே?" என்று லைனே கேட்கக் கத்தினேன். மறுநாள் அவள் லீவு. சீட்டில் காரணம், காய்ச்சல். அந்த மாதத்தில் அது நாலாவது காய்ச்சல்.

அதற்கப்புறம்தான் டீ நேரத்தில் தனியாகக் கூப்பிட்டு, "ராத்திரி தூங்கறியா கண்ணு?" என்று கேட்டேன்.

"தூங்கி இருவது நாளாச்சுங்க்கா."

மெஷின் சத்தம் கேட்டாலே நெஞ்சு படபடக்கிறதாம், சோறு இறங்குவதில்லையாம். ஏன் சொல்லவில்லை? "பைத்தியம்னு பேர் வெச்சுருவாங்க." நான் கத்திய கத்தலுக்கு வேறு யாரிடம் போய்ச் சொல்லியிருப்பாள்!

அரசு ஆஸ்பத்திரியில் மனநல டாக்டர் மனச்சோர்வு என்றார். மாத்திரை உடனே கேட்காது, பலன் தெரியச் சில வாரம் ஆகும் என்றும் சொன்னார். நான் பார்த்தவரை வேலை பறிபோவது அந்தச் சில வாரங்களில்தான். தூக்கக் கலக்கத்தில் பீஸ் குறையும், திட்டு விழும். ஒன்று மாத்திரையை நிறுத்துவார்கள், இல்லை கணக்கை முடித்துக்கொண்டு போவார்கள். அதனால் மேனேஜரிடம் இரண்டு நாள் மல்லுக்கு நின்றேன். அவளுக்கு ஒரே ஷிப்ட், சம்பளம் குறையாமல் செக்கிங் மேஜை, டாக்டரைப் பார்க்கும் நாளில் அரைநாள் லீவு.

எங்கள் சம்பளத்தில் பிடிக்கும் ஈ.எஸ்.ஐ. மனநோய்க்கும் உண்டென்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. சந்தா சரியாகக் கட்டியிருந்து, டாக்டர் சான்றும் இருந்தால், வருஷத்தில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். உடல் நோய்க்கும் மனநோய்க்கும் இன்சூரன்ஸில் பேதம் பார்க்கக் கூடாதென்று 2017ஆம் வருஷத்து மனநலச் சட்டமே சொல்கிறது. ராத்திரியானாலும் தமிழில் பேச 14416 என்ற இலவச எண் இருக்கிறது. பீஸ் கணக்குக்கு மேலே அதைப் பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன்.

மார்கழியில் அவள் ஓவர்லாக்குக்குத் திரும்பினாள். போன வாரம் நீட்டிய லீவு சீட்டில் "மனநல டாக்டரைப் பார்க்க" என்று எழுதியிருந்தாள். கையெழுத்துப் போட்டேன். பக்கத்தில் நின்றிருந்த அயர்னிங் மாஸ்டர் சாயங்காலம் வந்து, அங்கே ஓ.பி. எத்தனை மணி வரைக்கும் என்று கேட்டார்.