பழைய ஸ்கேன் படம் வரத் தாமதமாவது ஏன்?

"முன்பு எடுத்த ஸ்கேன் உங்கள் கம்ப்யூட்டரில்தானே இருக்கிறது, ஒரு பொத்தானை அழுத்தினால் வந்துவிடாதா?" என்று புறநோயாளிகள் பிரிவில் பலர் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதே. கடந்த இரண்டு ஆண்டுகளின் படங்கள் அவ்வாறே உடனுக்குடன் வருகின்றன. அவற்றுக்கு முந்தையவை சர்வரில் இல்லை. காந்த நாடாக்களில் இருக்கின்றன.

பதிவறையை ஒட்டிய குளிரூட்டப்பட்ட சிற்றறையில் பீரோவின் பாதி உயரத்துக்கு ஒரு பெட்டி இருக்கிறது. இதனை டேப் லைப்ரரி என்பர். உள்ளே வரிசை வரிசையாக அறைகள். ஒவ்வோர் அறையிலும் உள்ளங்கை அளவுள்ள ஒரு நாடா. அதன் முதுகில் பார்கோடு ஒட்டிய சீட்டு. வேண்டிய நாடாவை ஓர் இயந்திரக் கை பார்கோட்டைக் கொண்டு அடையாளம் கண்டு எடுத்து, படிக்கும் கருவியில் பொருத்துகிறது. எங்களிடம் உள்ள வகையில் நாடாவின் அகலம் அரை அங்குலம், நீளம் 960 மீட்டர். தேவையான இடம் வரும்வரை அது சுற்றியாக வேண்டும். தாமதத்திற்கு முதற்காரணம் அதுதான்.

இத்தனை மெதுவான பொருளை ஏன் வைத்திருக்கிறோம்? ஒரு நாடாவில் 12 டெராபைட் கொள்ளும். ஒரு சி.டி. படம் ஏறத்தாழ அரை மெகாபைட். ஒருவருக்கு 400 படங்கள் என்று கொண்டாலும், 60,000 பேரின் ஸ்கேன்கள் ஒரே நாடாவில் அடங்கும். அலமாரியில் இருக்கும் நாடாவுக்கு மின்சாரமும் வேண்டாம். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நம் மாவட்டத்தைத் தாக்கியபின் மின்சாரமின்றி நாம் கழித்த நாள்களை எவரும் மறந்திருக்க மாட்டோம்.

இவற்றைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்களைக் கணினிக் குற்றவாளிகள் முடக்கினர். நோயாளிகளின் பதிவு, அனுமதி, விடுவிப்பு அனைத்தையும் கையால் எழுத வேண்டியதாயிற்று. பெரும்பாலான பணிகள் சீரடைய இரண்டு வாரங்கள் ஆயின. பாதிக்கப்படாத ஒரு காப்பு சர்வரிலிருந்தே தரவுகள் மீட்கப்பட்டன. காப்புப்பிரதியும் அதே வலையமைப்பில் இணைந்திருந்தால் அதையும் இத்தகையோர் முடக்கிவிட முடியும். கழற்றி அலமாரியில் வைத்த நாடாவை எந்தக் கம்பி வழியாகவும் எட்ட முடியாது. நம் வீடுகளில் விதைநெல்லை உணவு நெல்லோடு கலக்காமல் தனியே கட்டி வைப்பதில்லையா? அதே ஏற்பாடுதான்.

ஆனால் விதைநெல்லைக் கட்டி வைத்ததோடு எந்த விவசாயியும் நிம்மதியாக இருந்துவிடுவதில்லை. ஒரு பிடி எடுத்து ஊறவைத்து, முளைக்கிறதா என்று பார்த்த பிறகே நாற்றங்காலில் விதைக்கிறார். இந்தப் பாடத்தை நாங்கள் சற்றுத் தாமதமாகவே கற்றோம்.

சென்ற கார்த்திகையில் நோயாளி ஒருவரின் நுரையீரலில் சிறு திண்மப் புள்ளி ஒன்று தெரிந்தது. இத்தகைய புள்ளி இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வளராமல் இருந்தால் அது பெரும்பாலும் தீங்கற்றது. புதிதாகத் தோன்றியதாகவோ வளர்வதாகவோ இருந்தால், ஊசி செலுத்தித் திசு எடுத்துப் பார்க்க நேரிடலாம். அவருக்கு முன்னரே இங்கு ஸ்கேன் எடுத்திருந்தோம். அதைக் கேட்டபோது இயந்திரம் "படிக்க இயலவில்லை" என்றது.

பழுது நாடாவிலா, படிக்கும் கருவியிலா? இரத்த அழுத்தம் நம்ப முடியாத அளவு காட்டினால், வேறொரு கருவியில் பார்ப்போம் அல்லவா? அதுபோல முதலில் வேறொரு நாடாவைப் பொருத்தினோம். அதுவும் தடுமாறியது. ஆகவே கருவியின் முனையில் அழுக்கு. கேசட் காலத்தில் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு 'ஹெட்'டைத் துடைத்தோம். இங்கே அது கூடவே கூடாது. இதற்கென்று துப்புரவு நாடா தனியே உண்டு. எங்களிடம் உள்ளது 50 முறைக்கு மட்டுமே. அந்தக் கணக்கு முடிந்துவிட்டதை எவரும் கவனித்திருக்கவில்லை. புதியது வாங்கித் துப்புரவு செய்தபின் மற்ற நாடாக்கள் படித்தன. தேவையான நாடா மட்டும் படிக்கவில்லை. எடுத்துப் பார்த்தபோது உறையின் மூலையில் விரிசல். எப்போதோ கீழே விழுந்திருக்க வேண்டும். எழுதிய அன்று "வெற்றி" என்று அறிக்கை தந்த நாடா அது. அதன்பிறகு ஒருநாளும் அதைப் படித்துப் பார்க்கவில்லை. தவறு எங்களுடையதே. கேடிலியப்பர் கோயில் கொண்டுள்ள ஊர்தான். ஆயினும் கேடில்லாத நாடா என்று ஒன்று இங்கும் இல்லை.

நல்லவேளையாக, இரண்டாவது பிரதி தஞ்சாவூரில் இருந்தது. 2004 ஆழிப்பேரலையை நாகப்பட்டினத்தில் கண்டவர்கள், எல்லாவற்றையும் கடலோர மாவட்டத்திலேயே வைக்கத் துணிய மாட்டார்கள். வந்த நாடாவை அன்றே பொருத்தவில்லை. குளிர்பதனப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்த தண்ணீர்ப் புட்டியின் மேல் வியர்ப்பதுபோல, குளிரறையிலிருந்து மழைக்காலக் காற்றுக்கு வந்த நாடாவிலும் ஈரம் படியும். ஒருநாள் அறைச் சூழலுக்குப் பழகவிட்டே பொருத்தினோம். அந்த இரண்டு நாள்கள் நோயாளியின் குடும்பத்தார் எவ்வாறு கழித்தனர் என்பதை நாங்கள் அறிவோம். பழைய படத்திலும் அதே இடத்தில் அதே அளவில் அந்தப் புள்ளி இருந்தது. ஊசி தேவைப்படவில்லை.

இப்போது மாதந்தோறும் சில நாடாக்களைத் தேர்ந்தெடுத்து, ஒரு பழைய ஸ்கேனை முழுமையாக மீட்டு, மருத்துவர் ஒருவர் திரையில் பார்த்துக் கையொப்பமிடுகிறார். கீழே விழுந்த நாடா எதுவாயினும் அதைப் படித்துச் சோதித்து, உள்ளிருப்பதை வேறு நாடாவில் படியெடுத்தபின் ஒதுக்கிவிடுகிறோம்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். மஞ்சள் பையில் நீங்கள் கொண்டுவரும் பழைய ஃபிலிம்களும் விடுவிப்புக் குறிப்புகளும் எங்களுக்கு மூன்றாவது பிரதி. "எல்லாம் கம்ப்யூட்டரில் ஏறிவிட்டது" என்று அவற்றை எறிந்துவிடாதீர்கள். உள்நோயாளிப் பதிவேடுகளை மருத்துவர் 3 ஆண்டுகளேனும் காக்க வேண்டும், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்திற்குள் தர வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் கூறுகின்றன. ஆகவே தயங்காமல் கேட்டுப் பெறுங்கள். ஃபிலிமைக் கைபேசியில் எடுத்த நிழற்படத்தை வைத்துப் புள்ளியின் அளவை ஒப்பிட இயலாது. அறிக்கைத் தாளுக்கு அது போதும்.

இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய ஸ்கேன் தேவைப்படுவோர், மருத்துவரைக் காண வரும் நாளுக்கு மூன்று நாள் முன்பே, நோயாளி எண்ணையும் ஸ்கேன் எடுத்த தேதியையும் பதிவறையில் தெரிவிக்க வேண்டுகிறோம். எண் நினைவில் இல்லையெனில் பழைய ரசீது ஒன்று இருந்தாலும் போதும்.